முன்னச்சில் படிந்த பேராக் வரலாறு

இரண்டாம் உலகப்போருக்கென ஜி.எம்.சி. லோரி ரகம் ஒன்று மட்டுமே 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. போர் முடிந்ததும் உபரியான ராணுவ லோரிகள் பல, மலாயாவில் காட்டுமரம் இழுக்கும் ‘சான் தாய் வோங்’ லோரிகளாக மாறின. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்டதைப் போற்றும் நாம், பேராக்கின் மண்சாலைகளில் உழைத்த வண்டிகளை இரும்புக்கடைக்கு விட்டுவிடுகிறோம். மீட்பவர்களோ, அவற்றை ராணுவத் தோற்றத்துக்கே திருப்ப விரும்புகிறார்கள். அது சரியல்ல என்பேன். பாரத்துக்காகப் பட்டறையில் கூடுதலாகச் செருகிய ஸ்பிரிங் பட்டைகளும், ஒட்டுப்போட்ட சட்டமும்தான் இந்த மண்ணின் சாட்சி.

அப்படியே வைத்தால் பழைய முன்னச்சு ஆபத்தல்லவா என்று கேட்பது நியாயமே. ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கும்போது, சக்கரப் பேரிங் சரியாக இருந்தும் ஆட்டம் காட்டினால் கிங் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கும். அவை தேய்வதற்கென்றே செய்தவை. மாற்றுவதால் வரலாறு குறையாது. விரிசல் விட்ட பட்டையையும் மாற்றியே ஆகவேண்டும். ஆனால் நல்ல நிலையிலுள்ள அச்சையே கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டுவது மீட்பாகாது. கழற்றுமுன் அளந்து, படமெடுத்து வையுங்கள். கழித்த பட்டைகளையும் வீசிவிடாதீர்கள்.