யப்பானியரின் நெற்சுக்கே விலங்குருவங்கள்

மன்னர் எடுப்பித்த கோட்டைகளும் கோயில்களுமே ஒரு நாட்டின் வரலாற்றுக்குச் சான்றாவன என்று கருதுதல் பொருந்தாது. மக்கள் நாடோறும் கையாண்ட சிறு பொருள்களும் அவர்தம் வாழ்வை எடுத்துரைப்பனவாம். உள்ளங்கையில் அடங்கும் நெற்சுக்கே என்னும் யப்பானியச் செதுக்குருவம் அத்தகையதொன்று. பயன் ஒழிந்த பின்னரே அஃது உலகப் புகழ் பெற்றது.

தொக்குகாவா மரபினர் ஆட்சி நிலவிய எடோக் காலத்தில் (1603–1868) ஆடவர் உடுத்த கிமோனோவிற் சட்டைப்பை போன்றதொன்று இருந்ததில்லை. மருந்து முதலியன இட்ட இன்ரோ என்னும் அடுக்குப் பேழையையும் புகையிலைப் பையையும் அவர்கள் கயிற்றிற் பிணித்து இடைக்கச்சிலே தொங்கவிட்டனர். கயிறு நழுவாவண்ணம் அதன் மேல்நுனியிற் கோத்த குமிழே நெற்சுக்கே. கயிறு புகுதற்கென அதில் இரு துளைகள் உண்டு. செல்வம் மிக்க வணிகரின் ஆடம்பரத்தை அக்காலச் சட்டங்கள் கட்டுப்படுத்தின. ஆதலின், அவர்தம் செல்வமும் சுவையும் இச்சிறு குமிழில் ஒதுங்கி வெளிப்பட்டன எனலாம்.

எலி, எருது, புலி, முயல் முதலிய பன்னிரு விலங்குகளின் பெயரால் ஆண்டுகளை வழங்கும் கீழைத்தேய மரபு சிற்பிகளுக்கு வற்றாத கருப்பொருள் தந்தது. செறிந்த மரமும் யானைத் தந்தமும் மான்கொம்பும் அவர்களுக்கு ஏற்ற மூலப்பொருள்களாயின. எனினும், விரும்பியவாறெல்லாம் செதுக்குதல் இயலாது. நீட்டிய காலும் வாலும் ஆடையிற் சிக்கும், எளிதில் முறியும். ஆகவே எருது கால்மடக்கிப் படுத்தது. எலி தன் வாலைத் தன்னுடலோடு சுருட்டிக்கொண்டது. பயனின் கட்டுப்பாடே கலைக்கு வடிவம் வகுத்தது.

1781ஆம் ஆண்டில் ஒசாக்காவில் வெளிவந்த 'சோக்கென் கிசோ' என்னும் நூல் ஐம்பதுக்கு மேற்பட்ட நெற்சுக்கேச் சிற்பிகளைக் குறிப்பிடுகின்றது. எருதுருவங்களாற் புகழ்பெற்ற கியோட்டோச் சிற்பி தொமோதாதாவின் படைப்புகளுக்குப் போலிகள் பல உலவின என்பதும் அந்நூலால் அறியப்படும். போலியும் புகழும் உடன்பிறந்தவை போலும்!

1853இல் அமெரிக்கக் கப்பற்படை யப்பானை அடைந்தது. 1868இல் மெய்ஜி ஆட்சி மலர்ந்தது. மேனாட்டு உடையும் சிகரெட்டும் பரவவே, இடைக்கச்சுக் குமிழுக்கு வேலை இல்லாதாயிற்று. உரியவர் கைவிட்டவற்றை ஐரோப்பியர் விரும்பி வாங்கினர். ஆங்கிலேயரான ஒகஸ்ரஸ் பிராங்ஸ் திரட்டியவை பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தன. பாரிஸ் நகரில் வாழ்ந்த சாள்ஸ் எப்ருசி 1870களில் 264 உருவங்களை ஒருங்கே வாங்கினார். 1899இல் அவற்றை வியன்னாவில் இருந்த உறவினர்க்கு மணப்பரிசாக ஈந்தார். யூதராகிய அக்குடும்பத்தினரின் மாளிகையை 1938இல் நாசிகள் பறித்தனர். அவ்வேளையில் அன்னா என்னும் பணிப்பெண் அவ்வுருவங்களைச் சிற்சிலவாகத் தன் மேலாடைப் பையில் இட்டுச் சென்று மெத்தையினுள் மறைத்துவைத்தாள். பெரிய செல்வமெல்லாம் சூறையாடப்பட, சட்டைப்பை இன்மையாற் பிறந்த பொருள் ஓர் ஏழைப்பெண்ணின் பையிலே உயிர்தப்பியது. போரின் பின் அவை குடும்பத்தாரை அடைந்து, அவருள் ஒருவருடன் தோக்கியோ நகருக்கே மீண்டன.

மேனாட்டார் வேட்கை பெருகியபோது, அணிதற்கன்றி விற்றற்கென்றே பல உருவங்கள் செதுக்கப்பட்டன. எனவே, தேர்ந்த சேகரிப்பாளர் சிற்பியின் ஒப்பத்தை மட்டும் நம்புவதில்லை. துளையின் விளிம்பு கயிற்றால் தேய்ந்துள்ளதா, உடையோடு உராய்ந்த பக்கம் மழுங்கியுள்ளதா என்பவற்றையும் ஆராய்வர். ஆபிரிக்க யானைத் தந்தத்தின் அனைத்துலக வணிகத்தைத் தடைசெய்ய 1989இல் முடிவாகியதன் பின், பழைய தந்தவுருவங்களின் விற்பனையும் பல நாடுகளிற் சட்டவரம்புக்கு உட்பட்டது.

2007ஆம் ஆண்டு கியோட்டோவில், பழைய சாமுராய் இல்லமொன்றில் நெற்சுக்கேக்கெனத் தனி நூதனசாலை திறக்கப்பட்டது. கைவிட்ட பொருளைத் தாய்நாடு மீளப் போற்றுகின்றது. சேகரிப்பாளர் அவற்றை அணிந்தோர் இடையினின்று பிரித்தனர் என்பது உண்மை. அவர் இல்லாவிடிற் பல அழிந்திருக்கும் என்பதும் உண்மையே. கண்ணாடிப் பேழையுட் கிடக்கும் எருதின் தேய்ந்த முதுகு, அதனை நாடோறும் தடவிய பெயரறியா வணிகனுக்கு இன்றும் சான்று பகர்கின்றது.