கார்ல 'எர்த்து' எங்க இருக்கு?

இன்னைக்கு எபிசோட் ஒரு ராத்திரியில ஆரம்பிக்குது. திண்டிவனம் தாண்டி சென்னைக்கு வந்துட்டிருக்கோம். தாத்தாவோட 1972 மாடல் கார். நான் ஓட்டுறேன், பின்சீட்டுல அம்மாவும் தாத்தாவும். ஒரு பாலத்து மேல வண்டி லேசா குலுங்குச்சு. ரெண்டு ஹெட்லைட்டும் அணைஞ்சு போச்சு. எதிர்ல ரோடே தெரியல, பின்னாடி லாரி ஹாரன். மூணு நாலு செகண்ட்தான், அப்புறம் தானாவே எரிஞ்சுது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்புல எல்லா லைட்டும் ஜம்முனு எரியுது. இந்த மாதிரி கோளாறோட குணமே அதுதான், மெக்கானிக்கைப் பார்த்தா நல்ல பிள்ளையாயிடும். மூணு மாசத்துல பல்பு மாத்தினோம், ஸ்விட்ச் மாத்தினோம், காலால மிதிக்கிற டிப்பர் ஸ்விட்சையும் மாத்தினோம். பல்பைக் கழட்டிட்டு ஹோல்டர்ல மீட்டர் வெச்சா 12 வோல்ட் காட்டுது. ஆனா ராத்திரியில மறுபடி அணையுது. "மொத்த வயரிங்கையும் மாத்திடுங்க"ன்னாங்க. அம்மா "வித்துடலாம்டா"ன்னாங்க. தாத்தா எதுவுமே சொல்லல. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

இங்கே கொஞ்சம் பின்னாடி போகணும். 1838. ஜெர்மனியில ஸ்டைன்ஹைல் என்கிற விஞ்ஞானி தந்தி அனுப்ப ரயில் தண்டவாளத்தையே கம்பியா பயன்படுத்திப் பார்த்தார். மின்சாரம் தண்டவாளத்துல நிக்காம மண்ணுக்குள்ள கசிஞ்சுது. முயற்சி தோல்விதான். ஆனா அந்தக் கசிவுலயே அவர் ஒண்ணைப் பிடிச்சார்: மின்சாரம் திரும்பி வர ரெண்டாவது கம்பி எதுக்கு? பூமியே போதுமே! அதுக்கப்புறம் தந்திக்காரங்க ஒரு கம்பியை மட்டும் இழுத்தாங்க, இன்னொரு முனையை மண்ணுல புதைச்சாங்க. செம்புக் காசு மிச்சம்.

கார்ல விளக்கு வந்தப்பவும் இதே கணக்குதான். பேட்டரியிலிருந்து பல்புக்கு ஒரு வயர் போகும். திரும்பி வர வண்டியோட இரும்பு பாடியே வழி. நாலு ரப்பர் டயர் மேல நிக்கிற வண்டிக்கும் பூமிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனா தந்திக்காரங்க வெச்ச 'எர்த்து'ங்கற பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. பேட்டரியோட எந்த முனையை பாடியில சேர்க்கணும்னுகூட ரொம்ப நாளா ஒரே வழக்கம் இல்லை. 1962ல வந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார்ல பாசிட்டிவ் முனைதான் எர்த்து. 1967ல ஆல்டர்னேட்டர் வந்தப்போதான் அது நெகட்டிவ்வுக்கு மாறுச்சு.

பிரிட்டிஷ் கார்னாலே லூகாஸ் பேரு வந்துடும். சென்னைக்காரங்களுக்குப் பாடியில இருக்கிற 'லூகாஸ்' ஸ்டாப் தெரியும்ல? 1961ல தொடங்கின லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனியால வந்த பேரு. மூலக் கம்பெனி பர்மிங்காம்ல, விளக்கெண்ணெய் வித்துட்டிருந்த ஜோசப் லூகாஸ் ஆரம்பிச்சது. (ஆமணக்கு எண்ணெய் இல்லீங்க, விளக்குக்கு ஊத்துற பாரஃபின்.) அவங்க சைக்கிள் விளக்கோட பேரு 'சாலையின் ராஜா'. பின்னாடி கார்க்காரங்க கேலியா வெச்ச பேரு 'இருட்டின் இளவரசன்'. அவங்க ஸ்விட்சுல ஆஃப், டிம், மினுக்கு'ன்னு மூணு நிலைதான் உண்டுன்னு ஒரு பழைய ஜோக் இருக்கு.

எனக்கு அந்தக் கேலி முழுசா நியாயமாத் தெரியல. பல்பும் மோட்டாரும் கெட்டா கெட்டதுதான், கண்டுபிடிச்சிடலாம். விட்டு விட்டு வர்ற கோளாறுல பாதி, யாரும் ஒரு பொருளாவே நினைக்காத அந்தத் திரும்புற வழியிலதான் ஒளிஞ்சிருக்கும். ஒரு போல்ட்டு, அதுக்கடியில கொஞ்சம் துரு, அவ்வளவுதான்.

இதை எனக்குப் புரிய வெச்சவர் ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன். மீட்டர் 12 வோல்ட் காட்டினதைச் சொன்னேன். "தம்பி, மீட்டர் சொட்டுத் தண்ணி குடிக்கும். ஹெட்லைட்டு குடம் குடமா குடிக்கும்"னார். கணக்கும் சரிதான். 45 வாட் பல்பு ரெண்டு எரிய ஏழரை ஆம்பியர் வேணும். வழியில வெறும் அரை ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் கிட்ட காணாமப் போயிடும். மீட்டருக்கு அந்தத் தடை கண்ணுக்கே தெரியாது.

அதனால அவர் பல்பைக் கழட்டல. லைட்டை எரிய விட்டார். மீட்டரோட ஒரு முனை ஹெட்லைட்டோட கறுப்பு வயர்ல, இன்னொண்ணு பேட்டரி நெகட்டிவ்ல. பிரிட்டிஷ் வழி வந்த வயரிங்ல கறுப்புன்னா எர்த்து. ரெண்டுக்கும் நடுவுல வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட பூஜ்யமா இருக்கணும். "இப்ப வயரை ஆட்டுங்க தம்பி"ன்னார். ஆட்டினேன். 1 வோல்ட், 3 வோல்ட், திடீர்னு 12. லைட்டு போச்சு!

ரெண்டு ஹெட்லைட்டோட கறுப்பு வயரும் ரேடியேட்டர் பக்கத்துல ஒரே போல்ட்டுல சேருது. கழட்டிப் பார்த்தா அடியில துருகூட இல்லை, பளபளன்னு பெயிண்ட். ரெண்டு வருஷம் முன்னாடி தாத்தாவோட எண்பதாவது பிறந்தநாளுக்கு ஆசை ஆசையா வண்டியை முழுசா பெயிண்ட் அடிச்சது நான்தான். அந்த இடத்தை மறைக்கணும்னு எனக்கும் தெரியல, அடிச்சவங்களும் யோசிக்கல. போல்ட்டோட மரை மட்டும் இரும்பைத் தொட்டுத் தொட்டு விட்டிருக்கு.

உப்புத்தாள் போட்டு ஒரு ரூபா அளவுக்குச் சுரண்டினார். புது வாஷர் போட்டு முறுக்கி, மேல கிரீஸ் தடவினார். இருநூறு ரூபா வாங்கிக்கிட்டார்.

அன்னைக்கு ராத்திரியே திண்டிவனம் வரைக்கும் போய் வந்தோம். அதே பாலத்துல தாத்தா முன்சீட்டுல ஒக்காந்து டாஷ்போர்டை இறுக்கிப் பிடிச்சிட்டிருந்தார். லைட்டு அசையல. "பெயிண்ட் நல்லாதான் இருந்துச்சுடா"ன்னார்.