தாயின் கையில் சேர்ந்த பணம்

ஏழைக் குடும்பத்திற்கு அரிசியாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா? சபையின் ஏழைகள் நிதியைப் பங்கிடும்போதெல்லாம் இவ்வினா நம்முன் எழுகின்றது. கொடுக்கும் பணம் குழந்தையின் வயிற்றைச் சென்று சேராது என்னும் அச்சமே பெரும்பாலும் நம் விடையைத் தீர்மானிக்கின்றது. இவ்வச்சம் தகுந்ததுதானா என ஆராய்வதற்கு மெக்சிகோ நாட்டின் வரலாறு நமக்குத் துணைபுரியும்.

1994-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டு நாணயம் பெருவீழ்ச்சியுற்றது, வறுமை பெருகிற்று. சோள ரொட்டிக்கும் பாலுக்கும் அரசு அளித்துவந்த மானியத்தின் பெரும்பயன் நகரத்தாருக்கே கிடைத்தது. சிற்றூர் ஏழைகளை அது சரிவர எட்டவில்லை. எனவே எர்னெஸ்டோ செடில்லோவின் ஆட்சியில், பொருளியலறிஞர் சாந்தியாகோ லேவி முன்னின்று வகுத்த 'புரோகிரேசா' திட்டம் 1997-இல் தொடங்கிற்று. இரு மாதங்களுக்கு ஒருமுறை தாயின் கையிலேயே பணம் கொடுக்கப்பட்டது. பிள்ளைகள் பள்ளி செல்லவேண்டும், குடும்பத்தார் சுகாதார நிலையத்திற்கு வரவேண்டும் என்பன நிபந்தனைகள். கருவுற்றோருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இளங்குழந்தைகளுக்கும் சத்துணவும் அளிக்கப்பட்டது.

பயனை அளந்தறிய 506 சிற்றூர்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் 320 ஊர்களில் உதவி முதலில் தொடங்கிற்று; 186 ஊர்கள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு காத்திருந்தன. உதவி பெற்ற குடும்பங்கள் காய், கனி, இறைச்சி ஆகியவற்றைக் கூடுதலாக வாங்கின. ஆறு மாதம் நிரம்புமுன் உதவி பெறத் தொடங்கிய மிக வறிய குழந்தைகள், பின்னர் சேர்ந்தோரைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்திருந்தனர்.

ஆயினும் நாம் மிகைப்படுத்தலாகாது. ஓராண்டிற்குப்பின் உதவி பெறாத ஊர்களில் நூற்றுக்கு 55 குழந்தைகள் இரத்தசோகையுற்றிருக்க, உதவி பெற்ற ஊர்களிலும் 44 குழந்தைகளுக்கு அந்நோய் இருந்தது. சத்துணவில் சேர்த்த இரும்புச்சத்து உடலில் எளிதில் சேராத வகையினதாதலால், பின்னர் அது மாற்றப்பட்டது. மேலும், பணம், சத்துணவு, மருத்துவக் கண்காணிப்பு ஆகிய மூன்றும் இணைந்தே வந்தமையால், எதன் பங்கு எவ்வளவு எனப் பிரித்துரைப்பது அரிது.

பெயர்கள் பல மாறி, 2019-இல் அத்திட்டம் முடிவுற்றது. அது நமக்கு விட்டுச்சென்ற பாடங்கள் இரண்டு. ஏழைத் தாய் பணத்தை வீணாக்குவாள் என்னும் நம் ஐயம் நியாயமற்றது. உதவி பிந்தினால், வளரவேண்டிய பருவம் குழந்தைக்குக் காத்திராது. காத்திருந்த அந்த 186 ஊர்களின் சிசுக்களை, நம் நிதிக்குழுக்கள் முடிவைத் தள்ளிவைக்கும் ஒவ்வொரு முறையும் நாம் நினைவுகூரக் கடவோம்.