கைநாட்டு வைத்த ரேங்க் கார்டு

குத்தாலத்துல இந்த வருசம் சாரல் நல்லாவே விழுது. நீங்க அருவியில குளிக்க வர்ற நேரம், எங்களுக்குக் கார் நெல்லுல களை எடுக்கிற நேரம். போன வாரம் வரப்புல நிக்கும்போது தம்பி செல்போனைக் கொண்டாந்து நீட்டினான். அவன் மகள் நாலாங்கிளாஸ். டீச்சர்கிட்ட இருந்து வந்திருந்த தகவல்ல, கணக்குல "மொட்டு" நிலைன்னு இருந்தது.

"அண்ணே, மொட்டுன்னா பாஸா, பெயிலா?"

எனக்குச் சட்டுன்னு பதில் வரலை. இருநூறு வருசமா நம்ம ஊர்ப் பெத்தவங்க கேட்டுக்கிட்டு வர்ற கேள்விதான் இது. பிள்ளை என்ன படிச்சிருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் இதற்குக் கார்டு தேவைப்படவில்லை, காது போதும். மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஏடும் எழுத்தாணியும். எண்சுவடியைப் பிள்ளைகள் சத்தம் போட்டுத்தான் படிப்பார்கள். வாத்தியாருக்குப் பதிலாகச் சட்டாம்பிள்ளை முறை கேட்பான். அரைக்கால், மாகாணி, முந்திரி என்று எந்தப் பிள்ளை சொல்லுகிறது, எது திணறுகிறது என்பது தெருவில் போகிறவருக்கும் கேட்கும். நவராத்திரி சமயத்தில் வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். பிள்ளைகள் பாட்டுப் பாடிக் கோலாட்டம் அடிப்பார்கள், வீட்டுக்காரர்கள் வாத்தியாருக்குக் காசோ துணியோ கொடுப்பார்கள். ஒரு வகையில் அதுதான் அன்றைய பெற்றோர் கூட்டம்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற இந்த முறை கடல் தாண்டியும் போனது. 1789-ல் சென்னை எழும்பூர் ஆண் அனாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைச் செய்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு "மெட்ராஸ் முறை" என்றே பேர்.

1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, பள்ளிக்கூடங்களை எண்ணி அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டார். 1826-ல் கூட்டிப் பார்த்தபோது மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், சுமார் 1,88,000 பிள்ளைகள். இதைச் சொல்லிப் பெருமைப்படும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதில் பெண்பிள்ளைகள் மிகக் கொஞ்சம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே கிடையாது. சத்தம் தெருவுக்குக் கேட்டது, சரிதான். அந்தத் தெருவுக்குள் எல்லாரும் வர முடிந்ததா?

அடுத்து வந்தது இன்ஸ்பெக்டர் காலம். 1862-ல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ ஒரு விதியைக் கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கில் சோதிப்பார். எத்தனை தேறுதோ அதற்குத் தகுந்தபடி பள்ளிக்கு மானியம். கொஞ்ச வருசத்திலேயே அது சென்னை மாகாணத்துக்கும் வந்துவிட்டது. 1882 ஹண்டர் கமிஷனும் ஆரம்பப் பள்ளிகளுக்கு இதையே சிபாரிசு செய்தது. வாத்தியார் சம்பளம் பிள்ளையின் வாயில் தொங்கினால் என்ன நடக்கும்? தேறக்கூடிய பிள்ளைக்கு மனப்பாடம், தேறாத பிள்ளைக்கு மூலை. கடைசியில் 1904-ல் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம் இந்த முறையைக் கைவிடச் சொன்னது. பரீட்சை அப்போது பிள்ளைக்காகவும் இல்லை, பெத்தவங்களுக்காகவும் இல்லை. இலாகாவுக்கும் பள்ளிக்கும் நடுவில் நடந்த வரவு செலவு அது.

என் காலத்துக்கு வருகிறேன். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று மூணு பரீட்சை. பிறகு ரேங்க் கார்டு. 35-க்குக் கீழே போனால் சிவப்பு மையில் கோடு. மூணாங்கிளாஸ் அரையாண்டில் கணக்கில் நான் 18 வாங்கினேன். எங்க அப்பாவுக்கு எழுத்து தெரியாது.

"செவப்புல கோடு போட்டிருக்கே, என்னல அது?"

"நல்ல மார்க்குக்குப் போடுறதுப்பா."

அவர் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்க முடியலை. மையைப் பெருவிரலில் தடவிக் கொடுத்தேன். பதறாமல், அழுத்தமாகக் கைநாட்டு வைத்தார். நாலைந்து நாள் கழித்து டீக்கடையில் சார்வாளைப் பார்த்திருக்கிறார். "எம்பய நல்ல மார்க் வாங்கியிருக்கானாமே" என்று இவரே பேச்சை எடுத்திருக்கிறார்.

அன்னைக்கு ராத்திரி அடி விழும்னு பயந்து கெடந்தேன். அடிக்கலை. கூலிக் கணக்கு எழுதுகிற நோட்டை முன்னால போட்டு, "இதைக் கூட்டிச் சொல்லு" என்றார். என்னால முடியலை. அவர் மனசுக்குள்ளேயே கூட்டிச் சொன்னார், சரியாக இருந்தது. அப்புறம் தினமும் ராத்திரி அந்த நோட்டுதான் எனக்குப் பரீட்சை. அந்தக் கார்டு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மட்டும்தான் பேசியது. நடுவில் இருந்த மனுசனுக்கு அது ஒண்ணுமே சொல்லலை. அதுதான் எனக்குப் பொய் சொல்ல இடம் கொடுத்தது.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது அம்மா ராத்திரி வகுப்புக்குப் போனார். கடைசித் தம்பியின் கார்டில் முதல் முதலாக எங்க வீட்டில் கையெழுத்து விழுந்தது. கோணலான எழுத்துதான். ஆனால் போடுவதற்கு முன்னால் மார்க்கை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். அவனால் பொய் சொல்ல முடியலை.

என் மகன் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்தது 2007-ல். அந்தக் கல்வியாண்டில்தான் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது அது. படம் போட்ட அட்டைகள், ஏணிப்படி. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று அதுவே காட்டும். எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கலை, "பரீட்சை இல்லாத படிப்பு என்ன படிப்பு" என்பார்.

2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எட்டு வரைக்கும் பெயில் இல்லை, தொடர் மதிப்பீடு வேண்டும் என்றது சட்டம். 2012-ல் முப்பருவ முறை வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. பேர்தான் கடினம், விசயம் நமக்குத் தெரிந்ததுதான். தினமும் வரப்பில் நடந்து பயிரைப் பார்க்கிறது வளரறி, களத்தில் நெல்லை அளக்கிறது தொகுத்தறி. அறுப்பு அன்னைக்கு மட்டும் வயலுக்குப் போகிறவன் விவசாயி ஆவானா?

2019-ல் அஞ்சாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுத்து, 2020 பிப்ரவரி 4-ல் திரும்பப் பெற்றார்கள். கொரோனாவுக்குப் பிறகு, 2022-ல், எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளை எந்த வகுப்பு என்பதை விட எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். அந்தப் பேரைத்தான் தம்பி என்னிடம் நீட்டினான்.

சாயங்காலம் பாப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். களைக்கு வந்தவங்க ஏழு பேர், ஆளுக்கு 350 ரூபாய். பேரெல்லாம் தடங்கல் இல்லாமல் வாசித்தாள். "மொத்தம் எவ்வளவு தாயி?" என்றதும் விரல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "ஏழு முந்நூறு ரெண்டாயிரத்து நூறு" என்றாள். அதற்கு மேல் போகவில்லை. மீதி அம்பதை என்ன செய்யணும்னு தெரியலை.

தம்பி அவளையே பார்த்துக்கிட்டு இருந்தான். "இதான் மொட்டா அண்ணே?"

"ஆமா. இன்னும் அம்பது ரூபாய்தான் பாக்கி."

இப்போ ராத்திரிக்கு ராத்திரி நோட்டு அவ கையில இருக்கு. எங்க அப்பா வச்சிருந்த மாதிரியே நீள நோட்டுதான்.