காட்டும் பழமையும் காத்த பழமையும்

பழமை என்னும் சொல் நம் நாவில் அடிக்கடி வருகிறது. பழைய கோவில், பழைய பக்தி முயற்சி, பழைய வழக்கம் என்று பேசும்போது நாம் எதைக் குறிப்பிடுகிறோம்? கண்ணுக்குப் பழையதாகத் தெரியும் தோற்றத்தையா, அல்லது தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த உட்பொருளையா? இவ்விரண்டும் ஒன்றல்ல. இவ்வுண்மையை இங்கிலாந்து நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் மாளிகை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தன் கட்டட வரலாற்றால் நமக்கு உணர்த்துகிறது.

கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் உள்ள அம்மாளிகையின் பெயர் ஆக்ஸ்பரோ. 1482ஆம் ஆண்டில் மன்னர் நான்காம் எட்வர்டு, எட்மண்ட் பெடிங்ஃபீல்டு என்பவருக்கு அரண் அமைந்த இல்லம் எழுப்ப உரிமம் அளித்தார். நல்ல கட்டடக் கல் அரிதான பகுதி அது. எனவே மாளிகை செங்கல்லால் எழுந்தது. சுற்றிலும் அகழி, நடுவே முற்றம், முற்றத்தைச் சூழ்ந்து நாற்புறமும் அறைவரிசைகள், வடக்கே ஏறத்தாழ 80 அடி உயரமுள்ள வாயிற்கோபுரம் என்பது அதன் அமைப்பு. கோட்டை போலத் தோன்றினும் அது போருக்கென்று கட்டப்பட்டதன்று. குடும்பத்தின் செல்வாக்கைத் தொலைவிலிருந்தே பறைசாற்றுவது அக்கோபுரத்தின் பணி. 1487இல் மன்னர் ஏழாம் ஹென்றி இங்கு வந்து தங்கிய பெருமையும் அதற்கு உண்டு.

அரை நூற்றாண்டுக்குள் காலம் திரும்பியது. எட்டாம் ஹென்றி திருத்தந்தையோடு இருந்த உறவை முறித்துக்கொண்டார். அவர் மகள் மேரியின் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு மீண்டும் தழைத்தது. அப்போது மாளிகையின் உரிமையாளராயிருந்த சர் ஹென்றி பெடிங்ஃபீல்டு, அரசியின் தங்கை எலிசபெத்தைக் காவலில் வைத்திருக்கும் பொறுப்பை 1554இல் ஏற்றார். நான்கே ஆண்டுகளில் அந்த எலிசபெத்தே அரியணை ஏறினார். காவலர் தம் கிராமத்து இல்லத்திற்குத் திரும்பினார். குடும்பம் பழைய விசுவாசத்தை விடவில்லை.

அதன் விலை சிறிதன்று. 1581இல் இயற்றப்பட்ட சட்டம், அரசு அங்கீகரித்த கோவிலுக்கு வராதவர்க்கு மாதம் 20 பவுன் தண்டம் விதித்தது. 1585ஆம் ஆண்டின் சட்டம், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று நாட்டுக்குள் வருவதை இராசத்துரோகமாக்கியது. அத்தகைய குருவுக்கு அடைக்கலம் தருவோருக்கும் மரண தண்டனை காத்திருந்தது. ஆகவே கத்தோலிக்க இல்லங்களில் ஒரு புதுவகைக் கட்டடக்கலை தோன்றியது. காட்டுவதற்காக அன்றி, மறைப்பதற்காகக் கட்டும் கலை அது. இதில் வல்லவரான தச்சர் நிக்கோலஸ் ஓவன், இயேசு சபையின் துணைச் சகோதரர். சிறையில் வதைக்கப்பட்டும் தாம் அமைத்த மறைவிடங்களைக் காட்டிக்கொடுக்காமல் 1606இல் உயிர் நீத்தார். 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஆக்ஸ்பரோவிலும் அத்தகைய மறைவிடம் ஒன்று உண்டு. அது இருக்கும் இடம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஊரார் அனைவரும் அண்ணாந்து பார்க்க வேண்டுமென்று எழுப்பிய அதே வாயிற்கோபுரத்தில், ஓர் அறையை ஒட்டிய சிறு ஒதுக்கின் தரைக்கு அடியில் அது அமைந்திருக்கிறது. தரையோடு தரையாகப் பொருந்திய மூடியைத் திறந்தால், ஒருவர் உடலைக் குறுக்கி நுழையத்தக்க வழி. பெருமைக்கென்று கட்டிய கோபுரம், விசுவாசத்திற்கென்று ஒளிந்துகொள்ளும் இடமாயிற்று.

பின் வந்த நூற்றாண்டுகள் மாளிகையை மாற்றிக்கொண்டே இருந்தன. உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்ற குடும்பம் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. 1661இல் பாரனெட் பட்டம் கிடைத்தது. 1775இல் தெற்கு வரிசையும் அதிலிருந்த பெருங்கூடமும் இடிக்கப்பட்டன. மூதாதையர் விருந்துண்ட கூடம் அதோடு மறைந்தது. 1829இல் கத்தோலிக்கருக்கு உரிமைகளை வழங்கிய சட்டம் நிறைவேறியது. அடுத்த பத்தாண்டில் மாளிகைக்கு அருகே அன்னை மரியா, புனித மார்கரெட் ஆகியோர் பெயரால் வெளிப்படையாகவே ஓர் ஆலயம் எழுந்தது. அதே காலத்தில் கட்டடக் கலைஞர் பக்லர் மாளிகையைப் புதுப்பித்தார். முறுக்கிய புகைபோக்கிகள், துருத்தி நிற்கும் சாளரங்கள், மூலையில் ஒரு கோபுரம் ஆகியவற்றைப் பதினைந்தாம் நூற்றாண்டுப் பாணியில் சேர்த்தார். இன்று காண்போர் இடைக்காலத்தவை என்று வியக்கும் பகுதிகள் பல பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்தவையே.

இதில் குறை காண வேண்டியதில்லை. நீண்ட காலம் தலைமறைவாக வாழ்ந்த மக்கள், முன்னோரின் காலத்தைக் கல்லிலும் மரத்திலும் மீட்க விரும்பியது இயல்பே. ஆயினும் அது பழமையின் சாயல், பழமையே அன்று.

1951இல் மாளிகை விற்கப்பட்டு இடிபடும் நிலை வந்தது. மூத்த சீமாட்டி சிபில் பெடிங்ஃபீல்டும் உறவினரான இரு பெண்களும் தம் சொந்த வீடுகளை விற்று அதை மீட்டனர். 1952 முதல் அது தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. 2016இல் கூரைச் சாளரம் ஒன்று சரிந்து விழவே, 60 இலட்சம் பவுன் செலவில் கூரையைச் செப்பனிடும் பணி மேற்கொள்ளப்பட்டது. 2020இல் மேல்மாடத் தரைப்பலகைகளை அகற்றியபோது எலிக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றில் எலிசபெத் காலத்துத் துணித்துண்டுகள் இருந்தன. பழைய கையெழுத்துத் தாள்களின் கிழிசல்கள் இருந்தன. கூரையின் இடுக்குகளிலிருந்து 1568இல் அச்சிடப்பட்ட ஒரு செப நூலும், பதினைந்தாம் நூற்றாண்டுத் தோல் ஏடு ஒன்றும் கிடைத்தன. 8 செ.மீ. அகலமும் 13 செ.மீ. நீளமும் கொண்ட அவ்வேட்டின் எழுத்துகளில் பொன்னும் நீலமும் மங்காமல் இருந்தன. அதில் எழுதியிருந்தது இலத்தீன் விவிலியத்தின் 39ஆம் திருப்பாடலின் பகுதி. நம் விவிலியத்தில் அது 40ஆம் திருப்பாடல்: ஆண்டவருக்காகப் பொறுமையோடு காத்திருந்து, குழியினின்று தூக்கிவிடப்பட்டவரின் பாடல்.

பெருங்கூடம் போயிற்று. தண்டமும் போரும் செல்வத்தைக் கரைத்தன. பக்லர் சேர்த்த அலங்காரமோ வெளியே நின்று பார்ப்போரை மகிழ்விக்கிறது. ஆனால் அக்குடும்பத்தினர் எதற்காக மாதந்தோறும் தண்டம் கட்டும் நிலைக்கு ஆளாயினர், எதற்காக உயிரைப் பணயம் வைத்துக் குருவை ஒளித்தனர் என்பதற்கு விடை, உள்ளங்கையில் அடங்கும் அந்தச் செப ஏட்டில் இருக்கிறது.

பழையன கழிதலும் புதியன புகுதலும் திருச்சபைக்குப் புதியனவல்ல. கோவில் பீடம் மாறலாம், மொழி மாறலாம், கூரை மாறலாம். நாம் வருந்த வேண்டியது அவற்றுக்காக அன்று. குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். அந்த இல்லத் திருச்சபையில் மாலைச் செபம் நின்றுபோயிருக்க, பழைய பாணியில் பொன் பூசிய பீடம் எழுப்புவதால் நாம் மரபைக் காத்தவராவோமா? காட்டுவதற்கென்று நாம் கட்டும் கோபுரங்கள் உயர்ந்துகொண்டே போகின்றன. காப்பதற்கென்று நம் வீட்டில் என்ன இருக்கிறது என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.