தமிழ் நாடக மேடையில் குரற்பயிற்சி: சிறுவர் குழுக்களும் மகரக்கட்டும்

முன்னுரை

தமிழ் நாடக வரலாறுகள் பனுவல்களையும் ஆசிரியர்களையும் குழுக்களையும் முதன்மைப்படுத்தியே பெரிதும் எழுதப்பட்டுள்ளன. அப்பனுவல்களைப் பார்வையாளர் செவிக்குக் கொண்டு சேர்த்த குரல் எவ்வாறு உருவாக்கப்பட்டது என்னும் வினா அவற்றில் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. நாடகப் பள்ளிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் தோன்றிய பின்னரே நடிகருக்கு முறையான குரற்பயிற்சி தமிழில் உருவாயிற்று என்ற எண்ணத்துக்கும் இஃது இடமளிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இயங்கிய சிறுவர் நாடகக் குழுக்களின் குரற்பயிற்சி, தனக்கெனக் குறிக்கோளும் அளவையும் கொண்ட ஒரு முறைமையே என்பதையும், அதன் விலையைச் சிறுவர்களின் உடல்களே செலுத்தின என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இலக்கண, இலக்கிய மரபில் குரல்

தொல்காப்பியத்தின் பிறப்பியல், கொப்பூழிலிருந்து எழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிற்பாட்டால் எழுத்தொலியாவதைக் கூறுகிறது. எழுத்தின் பிறப்பை விளக்க வந்த இப்பகுதி நடிகனுக்குரிய பயிற்சி நூலாகாது. எனினும் குரலை உடல் முழுவதன் செயலாகக் கண்ட பார்வை இங்குப் பதிவாகியுள்ளது. மூச்சின் தொடக்கத்தை அடிவயிற்றில் உணரச் சொல்லும் இன்றைய குரற்பயிற்சியாளருக்கும் இப்பார்வை அந்நியமன்று.

பயிற்சி முறையைப் பற்றிய தெளிவான செய்தி சிலப்பதிகாரத்தில் கிடைக்கிறது. மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள் என்று கூறும் அரங்கேற்று காதை, ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளைத் தனித்தனியே வகுத்துரைக்கிறது. இளமையில் தொடங்கும் நீண்ட பயிற்சியே அரங்கக் கலைஞரை உருவாக்கும் என்ற கருத்துத் தமிழ் மரபில் மிகப் பழமையானது என்பதை இதனால் அறியலாம்.

கொட்டகையும் கட்டையும்

ஒலிபெருக்கி பரவலாவதற்கு முந்தைய நாடகக் கொட்டகையில், கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டாக வேண்டும். பின்னணியில் ஆர்மோனியமும் மிருதங்கமும் ஓயாது ஒலிக்கும். நாடகம் இரவு முழுவதும் நீளும். இத்தகைய சூழலில் குரலின் ஓங்காரமும் நீடிப்புமே நடிகனின் முதற்றகுதிகளாயின. தெருக்கூத்திலும் இத்தேவை உண்டு. ஆயினும் அங்குப் பின்பாட்டுக்காரர்கள் பாட்டடிகளை ஏற்றுப் பாடுவதால் வேடதாரிக்கு மூச்சுவிட இடைவெளி கிடைக்கிறது. கொட்டகை நாடகத்தில் அந்தச் சுமை பெரும்பாலும் நடிகன் ஒருவன் மேலேயே விழுந்தது.

ஆர்மோனியம் குரலுக்கு ஓர் அளவுகோலையும் தந்தது. அக்கருவியின் முதல் வெள்ளைக் கட்டையைத் தொடக்கமாகக் கொண்டு, ஒரு கட்டை, இரண்டு கட்டை எனச் சுருதி எண்ணப்பட்டது. ஆடவர் பலருக்கு இயல்பாக அமைவது ஒன்று முதல் இரண்டு கட்டைச் சுருதியே. பெண்டிரும் சிறுவரும் ஐந்து கட்டையை ஒட்டிப் பாடவல்லவர்கள். உயர்ந்த சுருதி கூட்டத்தின் இரைச்சலையும் பக்கவாத்தியத்தையும் ஊடுருவிச் செல்லும். ஆகவே கட்டையின் உயர்வு இசைநுட்பமாக மட்டுமன்றி ஒலியியல் தேவையாகவும் இருந்தது. சிறுவர் குரல் மேடைக்கு விரும்பப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

சிறுவர் குழுக்களின் பயிற்சி

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922), 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். மேடையில் பாடத்தை மீறிப் போட்டியிட்டுக்கொண்ட வளர்ந்த நடிகர்களின் கட்டுப்பாடின்மையே சிறுவர் குழுக்கள் உருவாகக் காரணமாயிற்று என்பர். டி. கே. எஸ். சகோதரர்கள் இச்சபையிலேயே நாடக வாழ்வைத் தொடங்கினர். அப்போது டி. கே. சண்முகத்துக்கு (1912-1973) வயது ஆறு. அவருடைய ‘எனது நாடக வாழ்க்கை’ இவ்வாழ்வை உள்ளிருந்து பதிவு செய்த முதன்மையான தன்வரலாறாகும்.

குழு வாழ்க்கை குருகுல வாழ்க்கையை ஒத்தது. உணவும் உறைவிடமும் குழுவினுடையவை. ஆசிரியர் ‘வாத்தியார்’ எனப்பட்டார். நாடகப் பனுவல் ‘பாடம்’ எனப்பட்டது. எழுத்தறிவு முதிராத வயதில் சிறுவர் பாடத்தைச் செவிவழியாகவே பெற்றனர். வாத்தியார் சொல்லிக் காட்டிய ஏற்ற இறக்கத்தோடு சொல் மனத்தில் பதிந்ததால், சொல்லும் தொனியும் பிரிக்கவியலாத ஒன்றாகவே கற்கப்பட்டன. பாடலும் வசனமும் மாறிமாறி வரும் சுவாமிகளின் நாடகங்களில், பாட்டின் சுருதியிலிருந்து பேச்சுக்கு வழுவாமல் இறங்குவதும் மீண்டும் ஏறுவதும் தனித்திறனாயின. தெளிவான உச்சரிப்பு, நீண்ட தொடரை ஒரே மூச்சில் முடித்தல், தொடரின் இறுதிச் சொல்லைத் தேயவிடாமை ஆகியன இம்மரபில் வந்தோரிடம் பொதுவாகக் காணப்படும் இயல்புகள்.

மகரக்கட்டு

ஆண்பிள்ளைகள் பருவமெய்தும்போது குரல்வளை வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு தாயி கீழிறங்குகிறது. குரல் நிலைகொள்ளாமல் உடையும் இவ்விடைக்காலத்தை நாடக உலகம் ‘மகரக்கட்டு’ என்று வழங்கியது. ஐந்து கட்டையில் பாடி ஸ்திரீபார்ட் ஏற்ற சிறுவன், தன் பிழை ஏதுமின்றி அவ்வேடத்துக்குரிய தகுதியை இழந்தான். வறுமையின் பொருட்டுக் குழுவில் சேர்க்கப்பட்ட பிள்ளைக்கு இது கலைச்சிக்கலாக மட்டும் இருந்திருக்க முடியாது. அவனுடைய உணவும் எதிர்காலமும் அக்குரலோடு பிணைக்கப்பட்டிருந்தன. குரல் மாறும் பருவத்தில் வலிந்து உயர்சுருதியில் பாடுவது குரல்நாண்களுக்கு ஊறு விளைவிக்கும் என்று இன்றைய மருத்துவம் எச்சரிக்கிறது. நாள்தோறும் நாடகம் நடத்த வேண்டிய குழுவில் ஓய்வு எளிதில் வாய்க்கவில்லை.

எஸ். ஜி. கிட்டப்பா (1906-1933) வளர்ந்த பின்னும் உச்சத்தாயியில் தடையின்றிப் பாடிப் பெரும்புகழ் எய்தினார். அப்புகழ் அத்திறனின் அருமையையே காட்டுகிறது. பலர் பாட்டு வேடங்களை விட்டு வசன வேடங்களுக்கு நகர்ந்தனர். இவ்வகையில் மகரக்கட்டு, பாடும் நடிகனைப் பேசும் நடிகனாக மாற்றிய ஒரு வாயிலாகவும் அமைந்தது.

சபாக்களின் உரைநடைக் குரல்

இதே காலத்தில் வேறொரு குரலும் உருவாகியிருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞர் முதலான கற்றோர் பயில்முறைக் கலைஞர்களாக நடித்தனர். பாடல் குறைந்து உரைநடை மிகுந்தது. நாடக நேரம் சுருங்கியது. நடிப்பைக் கற்பிக்கத் தமிழில் தனிநூலும் எழுதிய முதலியார், பாத்திரத்தின் உணர்வுக்கேற்ற பேச்சை வற்புறுத்தினார். பிழைப்புக்கு மேடையை நம்பாத நடிகரும், சிறிது நேரத்தில் முடியும் நாடகமும் இருந்த இடத்திலேயே ‘இயல்பான’ குரல் முதலில் இயலுவதாயிற்று. ஆகவே இயல்புக் குரலைச் செயற்கைக் குரலைவிட உயர்ந்ததெனக் கொள்வதைக் காட்டிலும், வேறொரு சமூகச் சூழலின் விளைவெனக் கொள்வதே பொருந்தும்.

ஒலிவாங்கிக்குப் பின்

1931இல் ‘காளிதாஸ்’ பேசும்படமாக வெளிவந்தது. 1938இல் சென்னை வானொலி நிலையம் தொடங்கியது. ஒலிவாங்கி மெல்லிய குரலையும் கேட்கச் செய்தது. எனினும் கொட்டகைக் குரல் உடனே மறையவில்லை. சிறுவர் குழுக்களில் பயின்ற சிவாஜி கணேசன் (1928-2001) ‘பராசக்தி’யில் (1952) பேசிய நீண்ட வசனங்களில் அப்பயிற்சியின் மூச்சாட்சியும் தெளிவும் புலனாகின்றன. அதே மரபில் வந்த எம். ஆர். ராதா, கரகரப்பும் கீச்சுமாகக் குரலை ஏற்றியிறக்கி அப்பயிற்சியை எள்ளலுக்குரிய கருவியாக்கினார்.

முடிவுரை

சிறுவர் குழுக்களின் குரற்பயிற்சி ஏட்டில் எழுதப்படாத ஒரு முறைமை. கொட்டகை, ஆர்மோனியம், செவிவழிப் பாடம் ஆகிய மூன்றும் அதனை வடிவமைத்தன. இன்றைய நாடகக் கல்வி இம்முறைமையை அப்படியே மீட்டெடுக்க இயலாது. அது பிள்ளைகளின் உழைப்பின் மேல் எழுந்தது. அதன் செவிப்பயிற்சியையும் மூச்சாட்சியையும் மட்டும் பிரித்தறிந்து கொள்ள இடமுண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிற்றுவித்த இந்திரா பார்த்தசாரதி பின்னர்ப் பொறுப்பேற்ற புதுவைப் பல்கலைக்கழக நாடகப் பள்ளி, சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கியது. அப்பெயருக்குரிய குரல்மரபை இசைத்தட்டுகள், தன்வரலாறுகள், ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் வாய்மொழிச் சான்றுகள் ஆகியவற்றைக் கொண்டு விரிவாக ஆராய்வது தமிழ் நாடக ஆய்வில் எஞ்சியுள்ள பணியாகும்.