திறப்பு யாரிட்ட இருக்கு? - வன்பொருள் வொலற் வந்த கதை

காசைப் பாதுகாப்பது பற்றி எங்கட சனத்துக்கு ஆரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. இடம்பெயரும்போது நகையைத் துணியில் முடிந்து இடுப்பில் கட்டினோம். கோடிக்குள் கிடங்கு வெட்டித் தாட்டோம். வெளிநாடு வந்தபிறகு, சீட்டுப் பிடித்தவர் ஒரே இரவில் காணாமல் போன கதைகளையும் வேண்டிய அளவு கேட்டுவிட்டோம்.

இப்போது பிறந்தநாள் விழாக்களிலும் சாமத்திய வீடுகளிலும் பெடியள் பிட்கொயின் பற்றிக் கதைக்கிறார்கள். வாங்கலாமா, விலை ஏறுமா என்ற கேள்விக்கு இந்தப் பதிவில் பதில் இல்லை. அது அவரவர் பாடு. ஆனால் வாங்கியவர் அதை எங்கே வைப்பது? அதற்கென்றே பெருவிரல் அளவில் ஒரு கருவி விற்கிறார்கள். ஹார்ட்வெயார் வொலற், அதாவது வன்பொருள் பணப்பை என்று பெயர். அது எப்படி வந்தது என்று பார்த்தால், அதன் ஒவ்வொரு பாகத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் பறிகொடுத்த கதை இருக்கிறது.

முதலில் ஒரு அடிப்படை விடயம். சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் எழுதியவர் (ஒருவரா பலரா என்பது இன்றுவரை தெரியாது) தன் திட்டத்தை வெளியிட்டது 2008 ஒக்டோபர் 31இல். 2009 ஜனவரி 3இல் பிட்கொயின் ஓடத் தொடங்கியது. இதில் 'காசு' என்று ஒரு பொருள் எங்கும் இல்லை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே கணக்குப் புத்தகத்தின் பிரதிகள் இருக்கின்றன. அதில் உங்கள் பங்கை இன்னொருவருக்கு மாற்ற ஒரு இரகசிய எண் வேண்டும். அதைத் திறப்பு என்று வைத்துக்கொள்ளுவோம். திறப்பு யாரிட்ட இருக்கிறதோ அவரே உரிமையாளர். அடையாள அட்டை கேட்க ஆளில்லை. தொலைந்துவிட்டது என்று முறையிட அலுவலகமும் இல்லை.

ஆரம்ப வருடங்களில் இந்தத் திறப்பு கணினிக்குள் ஒரு சாதாரணக் கோப்பாகக் கிடந்தது. அதற்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டும் வசதியே 2011 செப்டெம்பரில்தான் வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்னர், ஜூனில், தன் கணினிக்குள் யாரோ புகுந்து 25,000 பிட்கொயினை எடுத்துவிட்டதாக ஒருவர் இணையத்தில் அழுது எழுதினார். அன்றைய மதிப்பிலேயே சுமார் ஐந்து லட்சம் டொலர்! திருடன் வராவிட்டாலும் குப்பைக்காரன் வந்தான். வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் பழைய ஹார்ட் டிஸ்க் 2013இல் குப்பைமேட்டுக்குப் போய்விட்டது. அதற்குள் சுமார் 8,000 பிட்கொயினின் திறப்பு. மேட்டைக் கிண்ட விடும்படி நகரசபையோடு பல வருடம் மல்லுக்கட்டினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்தது.

சரி, இந்தக் கரைச்சல் எல்லாம் வேண்டாம், கெட்டிக்காரர் ஒருவரிடம் கொடுத்து வைப்போம் என்று சனம் நினைத்தது. ரோக்கியோவில் இருந்த மவுண்ட் கொக்ஸ் என்ற பரிமாற்று நிலையத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மந்திரச் சீட்டுக்கட்டு விளையாட்டு அட்டைகளை மாற்றிக்கொள்ளவென்று முதலில் எடுத்த இணையப் பெயர் அது! 2014 பெப்ரவரியில் அது வங்குரோத்தானது. 850,000 பிட்கொயினைக் காணவில்லை என்றார்கள். பிறகு 200,000 அகப்பட்டது. போட்டவர்களுக்கு பிட்கொயினாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது 2024 ஜூலையில். பத்து வருடம்! எங்கட பாஷையில் சொன்னால், சீட்டுக்காசு சீட்டுக்காரரிடம் போய்விட்டது.

கணினியில் வைத்தால் கள்ளன், அடுத்தவனிடம் கொடுத்தால் வங்குரோத்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தேடியவர்கள் செக் நாட்டின் தலைநகர் பிராக்கில் இருந்தார்கள். மரெக் பலாட்டினுஸ், பவோல் ருஸ்னாக் என்ற இருவர். பலாட்டினுஸ் நடத்திய பிட்கொயின் தோண்டும் கூட்டு ஒன்று வாடகைக் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. 2012 மார்ச்சில் அந்த வாடகைக் கம்பனிக்குள் புகுந்தவர்கள் அவருடைய 3,000க்கும் மேற்பட்ட பிட்கொயினை அள்ளிக்கொண்டு போனார்கள். சூடுகண்ட பூனை! இணையத்தோடு தொடுக்கும் கணினியில் திறப்பை வைக்கவே கூடாது என்பதே அவர்கள் கண்ட பாடம். 2014இல் அவர்களுடைய ட்ரெஸோர் விற்பனைக்கு வந்தது. செக் மொழியில் அந்தச் சொல்லுக்கு இரும்புப் பெட்டகம் என்று அர்த்தம்.

அது வேலை செய்யும் விதம் மிக எளிது. திறப்பு அந்தக் கருவிக்குள்ளேயே பிறக்கிறது, வெளியே வருவதே இல்லை. இன்னாருக்கு இவ்வளவு அனுப்பு என்று கணினி ஒரு விண்ணப்பத்தை உள்ளே அனுப்பும். கருவியின் சின்னத் திரையில் தொகையும் பெறுபவரின் முகவரியும் தெரியும். நீங்கள் பார்த்து, பட்டனை அமத்தினால், கருவி உள்ளேயே கையொப்பம் வைத்து விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும். ஊரில் முத்திரையைத் தன் பெட்டியிலேயே வைத்திருந்து, கடதாசியை உள்ளே வாங்கி முத்திரை குத்திக் கொடுக்கும் நொத்தாரிசை நினைத்துக்கொள்ளுங்கள். கணினி முழுக்க வைரஸ் இருந்தாலும் முத்திரை அதன் கைக்குப் போகாது.

கருவி தொலைந்தால்? அதற்கும் இந்தப் பிராக் ஆட்களே இன்னும் இருவரோடு சேர்ந்து 2013இல் வழி எழுதி வைத்தார்கள். 2,048 சாதாரண சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். அதிலிருந்து 12 அல்லது 24 சொற்களைக் கருவி தெரிவு செய்து காட்டும். நீங்கள் ஒழுங்கு மாறாமல் கடதாசியில் எழுதி வைக்க வேண்டும். கருவி உடைந்தாலும் தொலைந்தாலும் இன்னொன்றை வாங்கி அந்தச் சொற்களைக் கொடுத்தால் எல்லாம் திரும்பி வரும். ஹவல்ஸிடம் அப்படி ஒரு கடதாசி இருந்திருந்தால் குப்பைமேட்டுக்குப் போயிருக்கவே மாட்டார்.

இங்கே எங்கட பெரியாக்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தப் பட்டியல் ஆங்கிலம், ஜப்பான், கொரியன், சீனம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் என்று பல மொழிகளில் இருக்கிறது. தமிழில் இல்லை. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் மொழிபெயர்த்து எழுதி வைக்காதீர்கள். 'கைவிடு' என்று எழுதி வைத்தவர் பத்து வருடம் கழித்து அது எந்த ஆங்கிலச் சொல் என்று மண்டையை உடைக்க நேரும்.

பிரான்சில் இருப்பவர்களுக்கு அடுத்த பகுதி பழக்கமானது. 2014இல் பாரிஸில் லெட்ஜர் நிறுவனம் தொடங்கியது. 2016இல் வந்த அவர்களுடைய நானோ எஸ் கருவியில் பாதுகாப்புச் சில்லு இருந்தது. வங்கி அட்டையிலும் கடவுச்சீட்டிலும் இருக்கும் அதே வகை. சில்லு அட்டைக்கு 1974இல் காப்புரிமை எடுத்தவரும் பிரெஞ்சுக்காரர்தான், ரொலான்ட் மொரேனோ. பாரிஸ் தெருமுனைக் கூண்டுகளில் அட்டையைச் செருகி ஊருக்குக் கதைத்த ஆட்களே, அந்தத் தொலைபேசி அட்டையின் பேரப்பிள்ளை இது! பின் நம்பரை மூன்று தரம் பிழையாக அடித்தால் லெட்ஜர் தன்னைத்தானே அழித்துவிடும்.

இவ்வளவும் வந்தபிறகும் சனம் அடுத்தவன் கையில் கொடுப்பதை விடவில்லை. கனடாவின் குவாட்ரிகா நிலையத்தின் தலைவர் ஜெரால்ட் கொட்டன் 2018 டிசம்பரில் இந்தியாவில் ஜெய்ப்பூரில் இறந்தார். வயது 30. திறப்புகள் அவருக்கு மட்டுமே தெரியும் என்று 2019 ஜனவரியில் அறிவித்தார்கள். தேடிப் பார்த்தால் பெட்டகங்கள் எப்போதோ வெறுமை. வாடிக்கையாளரின் காசை வைத்து அவரே சூதாடியிருக்கிறார் என்று ஒன்ராறியோ பங்குச்சந்தை ஆணைக்குழு 2020இல் அறிக்கை எழுதியது. 76,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஏறக்குறைய 17 கோடி கனடிய டொலர் நட்டம். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் விழுந்தது அதைவிடப் பெரிய கதை.

அப்படியென்றால் இந்தக் கருவி இருந்தால் கவலையில்லையா? இல்லை. பூட்டு இறுகிய பிறகு கள்ளன் ஆளைத் தேடத் தொடங்கினான். 2020இல் லெட்ஜரின் வாடிக்கையாளர் விபரங்கள் திருடப்பட்டன. சுமார் 272,000 பேரின் பெயர், வீட்டு விலாசம், தொலைபேசி எண் எல்லாம் அந்த டிசம்பரில் இணையத்துக்கு வந்தன. பிறகு சிலருக்குத் தபாலில் போலிக் கருவிகள் வந்தன. 2025 ஜனவரியில் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரையே கடத்திக்கொண்டு போய் விரலை வெட்டினார்கள். பொலிஸ் மீட்டது. அடுத்த மாதம் பைபிட் நிலையத்திலிருந்து சுமார் 150 கோடி டொலர் பெறுமதியான ஈதர் போனது. அதன் தலைவர் வன்பொருள் வொலற்றில்தான் கையொப்பம் வைத்தார். எதற்கு வைக்கிறோம் என்பதைத் திரையில் முழுதாக வாசிக்க முடியாமலே வைத்தார். நொத்தாரிசு நேர்மையானவர்தான், கடதாசிதான் கள்ளக் கடதாசி!

ஆகவே என் கருத்து இதுதான். கருவியை உற்பத்தியாளரிடம் நேரே வாங்குங்கள். பெட்டிக்குள் ஏற்கனவே சொற்கள் எழுதிய கடதாசி இருந்தால் அது பொறி, தொடாதீர்கள். 24 சொற்களையும் கைத்தொலைபேசியில் படம் எடுக்காதீர்கள், கணினியில் தட்டாதீர்கள். உதவி செய்கிறோம் என்று அவற்றைக் கேட்பவன் யாராக இருந்தாலும் கள்ளன். முகவரியைக் கருவியின் திரையில் வாசித்துவிட்டு அமத்துங்கள். இருக்கிறது என்று கொண்டாட்டங்களில் பெருமை அடிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். எங்கட வீடுகளில் காசு விடயம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும். ஊரில் நகை தாட்ட இடம் ஒரு ஆளுக்கு மட்டும் தெரிந்து, அந்த ஆள் போய்ச் சேர்ந்தால் நகையும் போனது. இதுவும் அப்படியே. வங்கியில் காசு இருந்தால் மரண அத்தாட்சிப் பத்திரத்தோடு பிள்ளைகள் போய்க் கேட்கலாம். இங்கே கேட்க ஆளில்லை. கருவி எங்கே, கடதாசி எங்கே என்பதை மனுசிக்கோ மனுசனுக்கோ வளர்ந்த பிள்ளைக்கோ சொல்லி வையுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். இந்தக் கிழமையே அந்தக் கதையை வீட்டில் எடுங்கள்.